கடைசித் தோசைக்குப் பிறகு உடலுக்குள் என்ன நடக்கிறது?

இரவு 9.30 மணிக்குக் கடைசித் தோசையைச் சாப்பிட்டுக் கை கழுவுகிறோம். மறுநாள் காலை 8 மணிக்கு இட்லித் தட்டின் முன் உட்காருகிறோம். நடுவில் பத்தரை மணி நேரம் வயிற்றுக்கு எதுவும் போகவில்லை. விரதம் என்று பெயர் வைக்காவிட்டாலும் அது விரதம்தான். மலேசியத் தமிழர்கள் காலைச் சாப்பாட்டைப் 'பசியாறுதல்' என்றே சொல்வார்கள். ராத்திரி முழுக்கச் சேர்ந்த பசி காலையில் ஆறுகிறது என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

இன்று எல்லோரும் பேசும் 'இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்' இந்த இடைவெளியை 14, 16 மணி நேரம் என்று நீட்டுவது. இதை இடைவெளி விரதம் என்று சொல்லலாம். வாரத்தில் இரண்டு நாள் மிகக் குறைவாகச் சாப்பிடுவது, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது என்று வேறு முறைகளும் உண்டு. ஆனால் நம் ஊரில் பலர் முயன்று பார்ப்பது 16 மணி நேர முறையைத்தான்.

அந்தத் தோசையிலிருந்தே தொடங்குவோம். அதிலிருக்கும் மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. சர்க்கரையைக் குறைப்பதுதான் இன்சுலினின் வேலை என்று நினைக்கிறோம். அது பாதிக் கதைதான். வந்த உணவைப் பத்திரப்படுத்து என்று உடல் முழுவதற்கும் உத்தரவு போடுவது இன்சுலின். அந்த உத்தரவில் இன்னொரு பகுதியும் உண்டு: ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பில் இப்போது கை வைக்காதே.

பழைய வீடுகளில் அடுப்படியில் ஒரு அரிசிப் பானையும், உள்ளறையில் நெல் நிரம்பிய குதிரும் இருக்கும். அன்றாடச் சமையலுக்குப் பானை. பானை காலியானால்தான் குதிரைத் திறப்பார்கள். உடலிலும் இதே ஏற்பாடுதான். கல்லீரல் ஏறத்தாழ 100 கிராம் குளுக்கோஸைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் வைத்திருக்கிறது. அதுதான் பானை. தசைகளிடம் அதைப் போல நான்கு மடங்கு இருந்தாலும், தசை தன்னுடையதை வேறு யாருக்கும் கொடுக்காது. குதிர் என்பது கொழுப்பு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஒல்லியாகத் தெரிகிறவர் உடம்பில்கூடப் பல கிலோ கொழுப்பு உண்டு. இன்சுலின் உயர்ந்திருக்கும்வரை குதிரின் வாய் அடைத்தே இருக்கும்.

சாப்பிட்டு நான்கைந்து மணி நேரம் கழித்து இன்சுலின் இறங்குகிறது. குளுக்ககான் என்ற ஹார்மோன் மேலே வருகிறது. கல்லீரல் பானையிலிருந்து அள்ளிக் கொடுக்க ஆரம்பிக்கிறது. மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். அப்படியென்றால் பானை ஒரு நாளுக்குத் தாங்காது. அது முழுக்கக் காலியாகும்வரை உடல் காத்திருப்பதும் இல்லை. சுமார் 12 மணி நேரத்தை நெருங்கும்போதே கொழுப்பிலிருந்து வரும் எரிபொருளின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. கடிகாரம் 12 அடித்ததும் சுவிட்ச் போட்டாற்போல் மாறிவிடும் என்று சில வீடியோக்கள் சொல்வது சரியல்ல. முந்தின இரவு எவ்வளவு சாப்பிட்டீர்கள், அன்று எவ்வளவு நடந்தீர்கள் என்பதைப் பொறுத்து இது முன்னே பின்னே போகும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மூளையால் கொழுப்பமிலங்களை நேரடியாக எரிபொருளாகப் பயன்படுத்த முடியாது. குளுக்கோஸ்தான் அதன் ஒரே உணவு என்று நெடுங்காலம் நம்பினார்கள். அது உண்மையாக இருந்தால், நீண்ட பட்டினியில் மூளைக்குக் குளுக்கோஸ் தயாரிக்கவே தசையெல்லாம் கரைந்து, மனிதன் சீக்கிரம் செத்துப்போக வேண்டும். அப்படி நடப்பதில்லையே, ஏன்? 1967இல் அமெரிக்காவில் ஆலிவர் ஓவன், ஜார்ஜ் கேஹில் குழுவினர் இதற்கு விடை கண்டார்கள். எடை குறைப்பதற்காக மருத்துவமனையில் 5, 6 வாரம் பட்டினி இருந்த சிலரின் மூளைக்குள் போகும் ரத்தத்தையும் வெளியே வரும் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூளை தன் தேவையில் பெரும்பகுதியைக் கீட்டோன்களிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. கல்லீரல் கொழுப்பை உடைத்து, மூளைக்கு ஏற்றபடி கீட்டோனாக மாற்றிக் கொடுக்கிறது. நம் முன்னோர்கள் பஞ்சங்களைத் தாண்டி வந்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வியப்பு குறைவதே இல்லை.

குதிர் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கஸ் பார்பியேரிதான் எல்லை. 1965இல் ஏறத்தாழ 207 கிலோ எடையோடு பட்டினியைத் தொடங்கியவர், மருத்துவர்களின் கண்காணிப்பில் 382 நாள் உணவே இல்லாமல் இருந்தார். தண்ணீர், வைட்டமின்கள், உப்புச் சத்துகள் போன்றவை மட்டும்தான். முடித்தபோது எடை சுமார் 82 கிலோ. இதை யாரும் பின்பற்றக் கூடாது. நீண்ட பட்டினிச் சிகிச்சையில் சிலர் இறந்தும் போயிருக்கிறார்கள்.

கரைந்த கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையில் என்பார்கள் பலர், வெப்பமாக மாறுகிறது என்பார்கள் சிலர். 10 கிலோ கொழுப்பு முழுக்க எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. இளைக்கிறவர்கள் தங்கள் தொப்பையின் பெரும்பகுதியை மூக்கு வழியாகத்தான் வெளியே விடுகிறார்கள்.

சரி, குதிர் அதிக நேரம் திறந்திருந்தால் எடை அதிகமாகக் குறைய வேண்டும் அல்லவா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பகலில் குதிரிலிருந்து எடுத்ததை மாலையில் திரும்பக் கொட்டினால் கணக்கு நேராகிவிடும்.

அமெரிக்காவில் 116 பேரை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஒரு குழு மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும் விருப்பப்படி சாப்பிட்டது. இன்னொரு குழு வழக்கம்போல மூன்று வேளை. பன்னிரண்டு வாரம் கழித்து முதல் குழுவுக்குக் குறைந்தது சராசரியாக 0.94 கிலோ, மற்றதற்கு 0.68 கிலோ. சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. அதில் இரு குழுக்களுக்கும் கலோரியை ஒரே அளவில் குறைத்தார்கள். ஒரு குழு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டது. அவர்களுக்கு 8 கிலோவும் மற்றவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தது. புள்ளியியல் கணக்கில் இதையும் உறுதியான வேறுபாடு என்று சொல்ல முடியவில்லை.

ஆக, எடையைக் குறைப்பது மணிக்கணக்கு அல்ல, குறைவாகச் சாப்பிடுவதுதான். ஆனாலும் நான் இடைவெளி விரதத்தை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். கலோரி எண்ணுவது நம் சமையலறையில் ஆகிற காரியம் இல்லை. சாம்பாரில் எவ்வளவு எண்ணெய், அம்மா எத்தனை கரண்டி நெய் விட்டார் என்று யார் அளப்பது? 'ஏழு மணிக்கு மேல் எதுவும் இல்லை' என்ற ஒரே விதி எல்லோருக்கும் புரியும். டிவி முன்னால் கொறிக்கும் மிக்சர், பத்து மணி பிஸ்கட், தூங்கும் முன் குடிக்கும் சர்க்கரை போட்ட பால் எல்லாம் எண்ணாமலே நின்றுபோகும். சிலருக்கு அதுவே போதும். கணக்குப் பார்ப்பதைவிட இந்த விதிதான் எளிதாக இருக்கிறது என்றால் தாராளமாகத் தொடரலாம். பட்டினி தாங்காமல் பன்னிரண்டு மணிக்கு இரண்டு மடங்கு சாப்பிடுகிறவருக்கு இது ஒத்துவராது.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று துள்ளிக் குதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பானை வற்றும்போது அந்தத் தண்ணீரும் போகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்ததும் எடை திரும்ப ஏறுவதற்கு முதல் காரணம் அதுதான். அதைப் பார்த்து மனம் உடைந்து விட்டுவிட வேண்டாம்.

எடையைத் தாண்டி இன்னொரு விஷயம் இருக்கிறது. நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்துவது அதுதான் என்பது என் எண்ணம். எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்கிறோம் என்பதோடு, எந்த நேரத்தில் சாப்பிடுகிறோம் என்பதும் கணக்கில் வருகிறது.

அமெரிக்காவின் சால்க் ஆய்வகத்தில் ஒடிசாவிலிருந்து சென்ற விஞ்ஞானி சச்சிதானந்த பாண்டாவின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெரிய தூண்டுதல். கொழுப்பு மிகுந்த ஒரே தீனியை இரண்டு கூட்டம் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நாள் முழுக்க, இன்னொன்றுக்கு 8 மணி நேரம் மட்டும். இரண்டும் சாப்பிட்டது ஏறத்தாழ ஒரே அளவுதான். முதல் கூட்டம் கொழுத்தது, அவற்றின் கல்லீரலில் கொழுப்பு படிந்தது. இரண்டாவது தப்பித்தது. சுண்டெலியில் நடப்பதெல்லாம் மனிதனில் நடக்காது. அதற்கு ஒருநாள் பட்டினியே உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் கரைத்துவிடும் பெரும் சோதனை. ஆனாலும் கேள்வி பிறந்துவிட்டது.

மனிதர்களிடம் கிடைத்த விடைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது 2020இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நல்ல உடல்நிலையில் இருந்த 20 பேருக்கு ஒரே சாப்பாட்டை ஒருநாள் மாலை 6 மணிக்கும் இன்னொரு நாள் இரவு 10 மணிக்கும் கொடுத்தார்கள். இரண்டு நாளும் 11 மணிக்குத் தூக்கம். பத்து மணிச் சாப்பாட்டில் சர்க்கரையின் உச்சம் சுமார் 18 சதவீதம் அதிகம். இரவில் எரிந்த கொழுப்போ சுமார் 10 சதவீதம் குறைவு. சாப்பாடு ஒன்றுதான், ஆட்களும் அவர்களேதான், மணி மட்டும் வேறு. இருட்டியதும் மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. அது இன்சுலின் சுரப்பை மட்டுப்படுத்துகிறது. கணையம் கடையைப் பாதி சாத்திய பிறகு நாம் மூன்று பரோட்டாவோடு கதவைத் தட்டுகிறோம்.

2018இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு சிறியது, எட்டே ஆண்கள். எல்லோரும் சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள். காலையில் தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள், மாலை 3 மணிக்கு முன்பே நாளின் கடைசி உணவை முடிக்க வைத்தார்கள். எடை குறையாதபடி உணவும் கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் எடை மாறாமலே இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது, ரத்த அழுத்தமும் இறங்கியது.

மூன்று மணிக்குச் சாப்பாட்டை முடிப்பது நமக்கு முடியாத காரியம். ஆனால் நாம் செய்வதோ நேர் எதிர்ப்பக்கம். இடைவெளி விரதம் என்று ஆரம்பிக்கிறவர்களில் பலர் காலை இட்லியை விட்டுவிட்டு, வேலை முடிந்து வந்து ஒன்பது மணிக்கு வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள். இரவுதான் குடும்பம் ஒன்றாக உட்காரும் நேரம் என்பதால் அதைத் தொட மனம் வருவதில்லை. அந்தத் தவிப்பு எனக்கும் தெரியும். ஆனால் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நிதியுதவியோடு நடந்த ஆய்வு 2023இல் சொன்ன நாடு இது. குடும்பமே சேர்ந்து ஏழு, ஏழரைக்கு உட்காருவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

உடல் தன் பழுதான பாகங்களைத் தானே தின்று சுத்தம் செய்துகொள்ளும் 'ஆட்டோபேஜி' பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜப்பானின் யோஷினோரி ஓசுமி, பட்டினி போட்ட ஈஸ்ட் செல்களில் இதைக் கண்ணால் பார்த்து, அதை இயக்கும் மரபணுக்களையும் கண்டுபிடித்து 2016இல் நோபல் பரிசு பெற்றார். அது மகத்தான வேலை. ஆனால் 16 மணி நேரம் ஆனதும் மனித உடலில் இந்தச் சுத்திகரிப்பு தொடங்கிவிடும் என்று ஓடும் அட்டவணைகளுக்கு மனித ஆய்வு எதுவும் ஆதாரமாக இல்லை. புற்றுநோய்க்கு மருந்து போல இதை விற்பவர்களை நம்ப வேண்டாம்.

பயமுறுத்தும் செய்திகளும் வரும். 8 மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறவர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 91 சதவீதம் அதிகம் என்று 2024இல் ஒரு அமெரிக்க மாநாட்டில் சொன்னார்கள். அந்தக் கணக்கு, அவர்கள் இரண்டு நாளில் சாப்பிட்டது என்ன என்று கேட்டு வாங்கிய பதிலில் நின்றது. நோயினால் சாப்பிட முடியாதவர்களும், வேலைப் பளுவில் சாப்பிடாமல் ஓடுகிறவர்களும் அதில் கலந்திருக்கலாம். அதை வைத்து விரதமே காரணம் என்று முடிவு கட்ட முடியாது.

எனக்கு நிஜமாகவே கவலை தருவது தசை. மேலே சொன்ன 116 பேர் ஆய்வில், விரிவாகப் பரிசோதிக்கப்பட்டவர்களிடம் குறைந்த எடையின் பெரும்பகுதி கொழுப்பே அல்ல. சோறு நிறைய, பருப்பு கொஞ்சம் என்று சாப்பிடும் நாம் ஒரு வேளையை விட்டால் புரதமும் ஒரு வேளை போகிறது. மிச்சம் இருக்கும் வேளைகளில் சுண்டல், முட்டை, மீன், தயிர் கூட வேண்டும். எடை தூக்கும் பயிற்சியோ, குறைந்தபட்சம் படியேறுவதோ வேண்டும். பால், சர்க்கரை போட்ட காபி குடித்தால் இன்சுலின் எழுந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீரும் பால் கலக்காத டீயும் பரவாயில்லை.

சர்க்கரைக்கு இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் தாங்களாக விரதம் தொடங்கவே கூடாது. மாத்திரை வேலை செய்யும், சாப்பாடு வராது, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மருந்தோடு நீண்ட நேரம் பட்டினி இருந்தால், சர்க்கரை அளவு இயல்பாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் அபாயம் உண்டு. ரம்ஜான் நோன்பு இருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு, நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவர்கள் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுப்பது இதனால்தான். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே எடை குறைந்தவர்கள், சாப்பாட்டோடு மனப்போராட்டம் உள்ளவர்கள் யாருக்கும் இது வேண்டாம்.

'சாப்பிடாமல் இருந்தால் அல்சர் வந்துவிடும்' என்று வீட்டில் சொல்வார்கள். குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும், அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகளும்தான். அந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்த இருவருக்கு 2005இல் நோபல் பரிசே கிடைத்தது. புண் ஏற்கெனவே இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாட்டை முன்னுக்குக் கொண்டுவந்தால் முதல் சில நாள் ஒன்பதரை மணிக்குப் பசி வரும், கடிகாரம் பார்த்தாற்போல. இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் என்ற ஹார்மோன், நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி எழுந்து, சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். என் வீட்டில் அந்த நேரத்துக்கு ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர் வைத்துக்கொண்டோம். மூன்றாவது வாரம் அதைக் கேட்க ஆளில்லை.