அமீபா மூளைக்காய்ச்சல்: பெயரும் பொருளும்

நம்ம பக்கம் அமீபா என்றாலே வயிறுதான். மலப் பரிசோதனையில் அமீபா என்று வரும், மாத்திரை போட்டால் சீதபேதி நிற்கும், அவ்வளவுதான். அதனால்தான் கேரளத்தில் குளத்தில் குளித்தவர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்த செய்திகளைப் பார்த்துவிட்டு, குளத்துத் தண்ணீரைக் குடித்தால் இது வருமா என்று தஞ்சாவூர், மன்னார்குடி பக்கமெல்லாம் கேட்கிறார்கள். குடித்தால் வராது. குடலில் வாழ்வது எண்டமீபா. மூளைக்காய்ச்சலைத் தருவது நெக்லேரியா ஃபௌலேரி என்ற வேறு அமீபா, மூக்கு வழியாக ஏறுவது.

அமீபா கிரேக்கச் சொல், ‘மாற்றம்’ என்று பொருள். நிலையான உருவமில்லாமல் போலிக்கால்களை நீட்டி நகரும் உயிருக்குப் பொருத்தமான பெயர்; பள்ளிக்கூடத்திலிருந்தே அமீபா என்றுதான் படிக்கிறோம், அப்படியே இருக்கட்டும். ஃபௌலேரி என்பது 1965இல் இந்த நோயை விவரித்த ஆஸ்திரேலிய மருத்துவர் மால்கம் ஃபௌலரின் பெயரிலிருந்து வந்தது.

நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் மெனிங்கோ என்செபலைட்டிஸ். ‘மெனிங்க்ஸ்’ சவ்வு, ‘என்கெபலோஸ்’ தலைக்குள் இருப்பது, அதாவது மூளை, ‘ஐட்டிஸ்’ அழற்சி. அழல் என்றால் நெருப்பு. சிவந்து வீங்கி எரிவதை அழற்சி என்ற ஒரே சொல் சொல்லிவிடுகிறது. ஆக, ‘அமீபா மூளை, மூளையுறை அழற்சி’. நீளம்தான், ஆனாலும் எழுத்தில் இதுவே சரி. பேச்சுக்கு ‘அமீபா மூளைக்காய்ச்சல்’ போதும், ஆனால் முன்னால் இருக்கும் அமீபாவை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேறு, அதற்குப் போட்ட தடுப்பூசி இதைத் தடுக்காது. ‘மூளையைத் தின்னும் அமீபா’ எனக்குப் பிடிக்கவே இல்லை. குளத்துச் சேற்றில் அது தின்பது பாக்டீரியாவை. தவிர, அந்தப் பெயர் பயமுறுத்துகிறதே ஒழிய மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மூக்குதான் முக்கியம். மேட்டூர் திறக்குமுன், சித்திரை வைகாசியில் குளம் வற்றி இடுப்பளவுத் தண்ணீர் சுடச்சுடக் கிடக்கும், பையன்கள் படித்துறையிலிருந்து குதித்துச் சேற்றைக் கலக்குவார்கள். இந்த அமீபா 46 டிகிரி வரை தாங்கும். அது இருக்கும் தண்ணீர் குதிக்கிற வேகத்தில் மூக்கின் உச்சிக்கு ஏறினால், வாசனை நரம்பு வழியே மூளைக்குப் போய்விடலாம். அரிதான நோய்தான், ஆனால் வந்தால் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் பிழைப்பதில்லை. 2024இல் கோழிக்கோடு பக்கம் ஒரு சிறுவன் பிழைத்தான், சீக்கிரமே கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கியதால். குளித்த சில நாளில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, அப்புறம் கழுத்து விறைப்பு என்று வந்தால், ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகவே ‘குளத்தில் குளித்தான்’ என்று சொல்லுங்கள். முதுகுத்தண்டு நீரை எடுத்து அமீபாவைத் தேட வேண்டும் என்பது அவர்களுக்கு அப்போதுதான் தோன்றும்.