பெட்டைக் குதிரையைப் பார்த்தவர்: தெசியோவின் பண்ணையும் நுவரெலியாவின் குட்டிகளும்

ஒரு மாசி மாத விடியலில், நுவரெலியாவின் கிரகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையேற்றிப் பிழைக்கும் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "டொக்டரம்மா, குட்டி போட்டிருக்கு. நிக்குது, ஆனா பால் குடிக்க மாட்டேங்குது" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது புல்லில் உறைபனி இன்னும் உருகவில்லை. லயத்துக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் குட்டியின் மயிர் ஈரத்தோடு உடலில் ஒட்டிக் கிடந்தது. காதைத் தொட்டால் சில்லிட்டது. தாயின் பின்புறத்தில் நஞ்சுக்கொடி பாதி தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை மணிக்கு ஈன்றது, எப்போது சினைப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவரிடம் விடையில்லை. பகலில் சவாரி, மாலையில் அவிழ்த்துவிட்டால் வீதியோரத்தில் மேய்ச்சல். எந்த ஆண் குதிரை சேர்ந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மிருக வைத்தியராக இம்மலையில் பணியாற்றும் எனக்கு இத்தகைய காலைகளில் இத்தாலியரான ஃபெடெரிகோ தெசியோ நினைவுக்கு வருவார். 1869இல் தூரின் நகரில் பிறந்த அவர், 1898இல் மனைவி லிடியாவுடன் மஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள தோர்மெல்லோவில் பந்தயக் குதிரைப் பண்ணை தொடங்கினார். பெருஞ்செல்வர்களின் பண்ணைகளோடு ஒப்பிட்டால் அது சிறியது. விலையுயர்ந்த பொலிக்குதிரைகளை, அதாவது இனவிருத்திக்கான ஆண் குதிரைகளை, வாங்கிக் குவிக்க அவரால் முடியாது. ஆகவே தம் கண்ணையும் பணத்தையும் பெட்டைக் குதிரைகளின் மீது வைத்தார். 1915இல், போர்க்காலத்தில் விலைகள் சரிந்திருந்தபோது, இங்கிலாந்தின் நியூமார்க்கெட் ஏலத்தில் கேட்னிப் என்ற பெட்டையை வெறும் 75 கினிக்கு (ஒரு கினி ஒரு பவுணைவிடச் சற்றே அதிகம்) வாங்கினார். அதன் மகள் நொகாரா. நொகாராவை ஃபேர்வே என்ற பொலிக்குதிரையுடன் சேர்க்க விரும்பினார். அதற்கு இடம் கிடைக்காததால் அதன் உடன்பிறப்பான ஃபாரோஸிடம் அனுப்பினார். 1935இல் பிறந்த அந்தக் குட்டிதான் நியர்கோ. ஓடிய 14 பந்தயங்களிலும் வென்ற அதனை, 1938இல் பாரிஸின் பெரும் பந்தயத்தில் வென்ற கையோடு 60,000 பவுணுக்கு விற்றார். தம் பண்ணையின் ஆகச் சிறந்த ஆண் குதிரையை விற்றுவிட்டுப் பெட்டைகளை வைத்துக்கொண்ட அந்த முடிவில்தான் அவருடைய வியாபார அறிவு முழுவதும் இருக்கிறது என்பேன். 1954இல் அவர் மறைந்தபின் களமிறங்கி 16 பந்தயங்களிலும் தோல்வியறியாத ரிபோவும் அவர் தேர்ந்து சேர்த்த இணையின் குட்டியே.

1875 முதல் பந்தயம் கண்ட நம் ஊரில், ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் யாருடைய தீர்மானமுமின்றிக் குட்டி ஈனுகின்றன. தெசியோவின் அளவுக்கு யாரும் ஆராய வேண்டியதில்லை. பெட்டை மூன்று வயதைத் தாண்டியதா, குளம்பும் முதுகும் நலமா, பிறக்கும் குட்டிக்குத் தீனி போட வழியிருக்கிறதா என்ற மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாவிட்டால் சேர்க்கவே வேண்டாம். ஆண் குதிரைகளைத் தனியே கட்டுங்கள், அல்லது காயடிக்க எங்களிடம் அழைத்து வாருங்கள்.

சேர்த்துவிட்டால் திகதியைக் குறித்து வையுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய 340 நாள். குதிரை பெரும்பாலும் இரவில்தான் ஈனும் என்பதால், மடி கனத்துக் காம்பில் மெழுகுபோல் துளி உறைந்ததும் யாராவது விழித்திருக்க வேண்டும். குட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குள் பால் குடிக்க வேண்டும். மூன்று மணித்தியாலத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் விடியும்வரை காத்திருக்காமல் அழையுங்கள். மனிதக் குழந்தையைப்போலன்றி, குதிரைக் குட்டி தாயின் வயிற்றிலிருந்து நோயெதிர்ப்பை ஏறக்குறைய எதுவும் பெறாமலே பிறக்கிறது. அது கிடைப்பது சீம்பாலில் மட்டுமே. அதை உறிஞ்சும் குடலின் ஆற்றல் மணிக்கு மணி குறைந்து, 24 மணித்தியாலத்தில் அநேகமாக மூடிக்கொள்கிறது. நஞ்சுக்கொடி தங்கினால் கருப்பையில் கிருமி பெருகி, அதன் நச்சு குளம்புவரை இறங்கித் தாயை நிரந்தரமாக நொண்டியாக்கக்கூடும். தொங்குகிறதென்று கையால் இழுக்கவும் கூடாது. கிழிந்து உள்ளே தங்கும் ஒரு சிறு துண்டே போதும்.

தீனியைப் பற்றி இந்த ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை. தோட்டத்தில் கழித்த லீக்ஸையும் உருளைக்கிழங்குச் செடியையும் சாக்கில் கட்டிவந்து குதிரைக்குக் கொட்டுகிறார்கள். லீக்ஸ் வெங்காய இனம். தொடர்ந்து தின்றால் குதிரையின் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீர் கருஞ்சிவப்பாகும். உருளைக்கிழங்கின் இலையும் பச்சைக் கிழங்கும் நஞ்சு. அழுகிய கோவாவும் (முட்டைக்கோசும்) வேண்டாம்: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது குடலை வீங்கவைக்கக்கூடும்.

அன்று தாயின் மடியிலிருந்து சீம்பாலைக் கறந்து மூக்கு வழியே குழாயால் குட்டிக்கு ஊட்டினோம். சாக்கால் தேய்த்து உடலைச் சூடாக்கினோம். தாய்க்கு ஊசிபோட்டபின் முற்பகலில் நஞ்சுக்கொடி முழுதாக விழுந்தது. தரையில் விரித்து, கிழிசல் இல்லையென்று உறுதிசெய்தேன். பத்து மணிக்குக் குட்டி தானே தாயின் காலிடை தேடிப் போய் முட்டிக் குடித்தது. இப்போது அந்தக் கொட்டகையின் தகரச் சுவரில் ஒரு கலண்டர் தொங்குகிறது. இவ்வாண்டு அதில் எந்தத் திகதியும் வட்டமிடப்படவில்லை. இந்தப் பெட்டைக்கு ஓராண்டு ஓய்வு கொடுப்பதென்று அவரே முடிவெடுத்திருக்கிறார்.