எல்இடி ஸ்ட்ரிப்பின் கடைசி முனை ஏன் மங்குகிறது?

ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டிய சில வீடுகளில், ஒயர் கொடுத்த மூலை பளிச்சென்று எரியும். அறையைச் சுற்றி வருவதற்குள் வெளிச்சம் சோர்ந்து கடைசி முனை மங்கியிருக்கும். "டூப்ளிகேட் சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் சரக்கின் மேல் குற்றமில்லை. 24 வோல்ட் போட வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போட்டிருப்பார்கள்.

12 வோல்ட் ஸ்ட்ரிப்பை உற்றுப் பாருங்கள். மூன்று எல்இடி, ஒரு சின்ன ரெசிஸ்டர், ஒரு வெட்டுக்கோடு. மறுபடி மூன்று எல்இடி. இந்தக் கட்டம்தான் ஐந்து மீட்டருக்கும் தொடர்கிறது. ஒரு வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். மூன்றுக்கும் 9 போக, மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரில் சூடாகக் கழிகிறது. எவ்வளவு கரண்ட் ஓடலாம் என்று கட்டுப்படுத்துவது அந்த ரெசிஸ்டர்தான்.

ஸ்ட்ரிப்புக்குள் ஓடும் செம்பு மிக மெல்லியது. அதைக் கடந்து கடைசி முனைக்கு 11 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டில் ஒன்று குறைந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் எல்இடிகள் தங்கள் 9 வோல்ட்டை அவ்வளவாக விட்டுக்கொடுப்பதில்லை. குறைவு முழுக்க ரெசிஸ்டர் தலையில் விழுகிறது: 3 இருந்த இடத்தில் 2. கரண்ட் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, வெளிச்சமும் கூடவே இறங்குகிறது.

24 வோல்ட்டில் ஆறு எல்இடி ஒரே வரிசை. அவற்றுக்கு 18, ரெசிஸ்டருக்கு 6. மீட்டருக்கு 14.4 வாட் ஸ்ட்ரிப் என்றால் ஐந்து மீட்டருக்கு 72 வாட். 12 வோல்ட்டில் அதற்கு 6 ஆம்பியர் வேண்டும், 24-இல் 3 போதும். கரண்ட் பாதியானதால் வழியில் இழப்பதும் அரை வோல்ட்தான். ஆறில் அரை போனால் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது.

அப்படியானால் 12 வோல்ட் எதற்கு? மீட்டருக்கு 60 எல்இடி உள்ளதில் அதை 5 செ.மீ.க்கு ஒருமுறை வெட்டலாம். 24 வோல்ட்டில் 10 செ.மீ. பூஜை அலமாரி, ஷோகேஸ் போன்ற குட்டித் தட்டுகளுக்கு 12 வோல்ட்தான் வசதி. ஏற்கெனவே சீலிங்கில் ஒட்டியாகிவிட்டது என்றாலும் கவலை வேண்டாம். பவர் சப்ளையிலிருந்து (வீட்டு 230 வோல்ட்டை 12 அல்லது 24 ஆக மாற்றும் பெட்டி) கடைசி முனைக்கும் ஒரு ஒயர் கொடுத்தால் மங்கல் பெருமளவு மறைந்துவிடும்.

நேராக 230 வோல்ட்டில் எரியும் ஸ்ட்ரிப்பும் விற்கிறார்கள். பல பத்து மீட்டர் மங்காமல் ஓடும். ஆனால் சாதாரண வகைகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். செல்போன் கேமராவில் பட்டை பட்டையாகத் தெரிவது அதுதான். ஈரக்கை படும் சமையலறையில் இதை நான் ஒருபோதும் போட மாட்டேன்.

சமையல் மேடைக்கு என் தேர்வு சிஓபி ஸ்ட்ரிப். சாதாரண ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு எல்இடியும் தனிப் புள்ளி. பளபளக்கும் கறுப்பு கிரானைட்டில் அத்தனை புள்ளிகளும் பிரதிபலிக்கும். சிஓபியில் நுண்ணிய சிப்புகளை நெருக்கமாகப் பதித்து, மேலே ஒரே கோடாக, ஒளியின் நிறத்தை மாற்றும் மஞ்சள் பாஸ்பர் பூசியிருப்பார்கள். புள்ளிகள் தெரியாது, ஒரே கோடாக ஒளிரும்.

அங்கே இன்னொன்றையும் பாருங்கள்: சிஆர்ஐ, அதாவது ஒரு விளக்கின் கீழே நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் அளவு. வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடிதான். பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான பூச்சில் அடர் சிவப்பு குறைவு. அதன் கீழே தக்காளியும் மிளகாய்த்தூளும் பழுப்படித்துத் தெரியும். சிஆர்ஐ 90-க்கு மேல் இருந்தால் காய்கறி அதன் நிறத்திலேயே தெரியும்.

பவர் சப்ளையைக் கணக்காக வாங்காதீர்கள். 72 வாட் ஸ்ட்ரிப்புக்கு 100 வாட் போடுங்கள். அதைச் சீலிங்குக்குள் காற்றில்லாமல் அடைக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும்; ஸ்ட்ரிப் நன்றாக இருக்கும்போதே விளக்கு அணைந்து போவது பல வீடுகளில் இதனால்தான்.