மரக்கிளையில ஏன் வேர் விடுது? குளிர் மழைக்காட்டு கதை

மழைக்காடுன்னாலே அமேசான்தான் ஞாபகம் வரும், புழுக்கம், கொசு, பாம்புன்னு. ஆனா குளிர் பிரதேசத்துலயும் மழைக்காடு இருக்கு. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் நேஷனல் பார்க்ல இருக்கற ஹோ காடு அப்படித்தான், வருஷத்துக்கு 3,500 மி.மீ. கிட்ட மழை. பசிபிக்லேர்ந்து வர்ற ஈரக்காத்தை 2,400 மீட்டருக்கு மேல நிக்கற ஒலிம்பஸ் மலை மறிச்சுடுது, காத்து மேல ஏறி குளிர்ந்து இருக்கற தண்ணியையெல்லாம் இந்தப் பக்கமே கொட்டிடுது. மலைக்கு அந்தாண்ட இருக்கற ஸ்க்விம் ஊருக்கு 400 மி.மீ. கிடைச்சா பெருசு.

அங்க போனா ஹால் ஆஃப் மாஸஸ்னு ஒரு பாதை, 1.3 கிலோமீட்டர்தான், சுத்தி வந்து கிளம்புன இடத்துக்கே வந்துடலாம். அதுல பெரிய இலை மேப்பிள் மரங்களைப் பாருங்க, கிளை பூரா பாசி மூடி தாடி மாதிரி தொங்கும். பாவம் மரம், பாசி அதை உறிஞ்சுதுன்னுதான் தோணும். இல்லவே இல்ல. பாசிக்கு உறிஞ்சறதுக்கு வேரே கிடையாது, மழையிலயும் மூடுபனியிலயும் வர்ற தண்ணி, சத்து, தூசியை வச்சே பொழச்சுக்கும். பழைய பாசி மக்கி மக்கி கிளை மேலயே மண்ணாகுது. நளினி நட்கர்னின்னு ஒரு ஆராய்ச்சியாளர், கயிறு கட்டி மேல ஏறி அந்தப் பாசி மெத்தையை விலக்கிப் பாத்தா, அடியில வேர் ஓடுது, அதுவும் அந்த மேப்பிளோட சொந்த வேர்! தன் கிளையிலேர்ந்தே வேர் விட்டு மேல சேந்த சத்தை மரம் எடுத்துக்குது. 1981ல 'சயின்ஸ்' இதழ்ல வந்துச்சு. ஒரு மரத்து மேல இருக்கற பாசி கீசியெல்லாம் சேத்தா அந்த மரத்தோட இலை எடையைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்குன்னும் அவங்க கணக்கு போட்டாங்க. யாரு யாருக்கு வாடகை குடுக்கறாங்கன்னே புரியல.

கீழயும் ஒரு விஷயம் இருக்கு. தரையில பாசியும் பெரணியும் அடர்ந்து கிடக்கறதால விதைக்கு வேர் ஊன இடமில்ல, அதனால விழுந்து கிடக்கற மரத்து மேல முளைக்குது, சிட்கா ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மாதிரி ஊசியிலை மரங்கள் எல்லாம். வேர் அந்தக் கட்டையோட ரெண்டு பக்கமும் இறங்கி மண்ணைப் பிடிக்கும், அப்புறம் ரொம்ப காலம் கழிச்சு கட்டை மக்கிப் போயிடும். நேர் கோட்டுல வரிசையா நிக்கற மரங்களைப் பாத்தா குனிஞ்சு அடியில பாருங்க, வேருக்கு நடுவுல ஓட்டையா இருந்தா அதுதான் பழைய கட்டை கிடந்த இடம்.

ஜூலை, ஆகஸ்ட்ல மழை கம்மி, நடக்க சுகம், ஆனா கார் கியூ நீளும், காலையிலயே போயிடுங்க. ரெயின் ஜாக்கெட் எப்பவும் வேணும், காட்டன் வேண்டாம், நனைஞ்சா காயாது. பாதையை விட்டு பாசி மேல மிதிக்காதீங்க. எல்க் மான் வந்தா 45 மீட்டராவது தள்ளி நில்லுங்க, செப்டம்பர்ல ஜோடி சேர்ற சீசன்ங்கறதால ஆண் எல்க் கிட்ட போட்டோவுக்கு கெஞ்சறதெல்லாம் வேலைக்கு ஆகாது.