முதலாளியே திரையில் வந்தாலும் திருப்பி அழையுங்கள்

2025 மார்ச்சில், சிங்கப்பூரில் வேலை செய்யும் நிதி இயக்குநர் ஒருவர் காணொளிக் கூட்டத்தில் சேர்ந்தார். திரையில் அவருடைய தலைமை நிர்வாகி, கூடவே மற்ற அதிகாரிகள். எல்லாமே செயற்கை நுண்ணறிவால் செய்த போலி முகங்கள். ஏறத்தாழ 500,000 அமெரிக்க டாலர் கைமாறியது. அடுத்து 1.4 மில்லியன் கேட்டபோதுதான் சந்தேகம் தட்டியது. உடனே வங்கியிலும் காவல்துறையிலும் சொன்னார். சிங்கப்பூர்க் காவல்துறையின் மோசடித் தடுப்பு நிலையமும் ஹாங்காங் காவல்துறையும் சேர்ந்து அந்தப் பணத்தை முடக்கின.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் போலி முகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்த 'உடனே'தான் பெரிதாகப் படுகிறது. 2018இல் சிங்கப்பூரின் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் கணினிகளில் நடந்த ஊடுருவலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் களவு போயின. அங்கே ஊழியர்கள் சிலர் விபரீதத்தை முன்பே பார்த்திருந்தார்கள். மேலே சொல்லவேண்டியவர்கள் தாமதித்தார்கள் என்று விசாரணைக் குழு 2019இல் சொன்னது. நிபுணர்கள் எத்தனை பேர் கைகோத்தாலும், விஷயம் அவர்கள் காதுக்கு வந்தால்தானே?

நான் ஆலோசனை சொல்லும் சிறு நிறுவனங்களில் கணக்கு பார்க்கும் பிள்ளைக்கு முதலாளியைக் கேள்வி கேட்கத் தயக்கம். "அண்ணே, நீங்கதானா பேசுனது?" என்று திருப்பி அழைத்தால் திட்டு விழுமோ என்ற பயம். முதலாளிகளே, கேட்கச் சொல்லி நீங்களே உத்தரவு போடுங்கள். இதற்கு மென்பொருள் வாங்கவேண்டாம்.

இன்னொன்று, மின்னஞ்சலைத் தானாகப் படித்துப் பதில் எழுதும் சாட்பாட். வந்த மின்னஞ்சலுக்குள்ளேயே யாராவது மறைவாகக் கட்டளை எழுதி வைத்தால், அதை உங்கள் ஆணையென்று நினைத்துச் சாட்பாட் செய்துவிடக்கூடும். அதன் கையில் பணம் அனுப்பும் அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவு அமைப்புகளை எப்படிப் பாதுகாப்பது என்று சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2024 அக்டோபரில் வழிகாட்டி வெளியிட்டது. திட்டமிடுவதில் தொடங்கி, பயன்பாட்டிலிருந்து நீக்கும்வரை அது பேசுகிறது. சாட்பாட் விற்க வருபவரிடம் அந்த வழிகாட்டியைப் பற்றிக் கேளுங்கள். முழிக்கிறாரா என்று பாருங்கள்.

சரி, பணம் போய்விட்டதா? முதல் அழைப்பு வங்கிக்கு, அடுத்தது காவல்துறைக்கு. இன்னும் அனுப்பவில்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால், சிங்கப்பூரின் மோசடி உதவி எண் 1799. நள்ளிரவிலும் எடுப்பார்கள்.