டிராக் டே: பந்தய நாளும் அல்ல, ஓடுதள நாளும் அல்ல

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சொந்தக் கார்க்காரர்கள் கூடி ஒரு டிராக் டே நடத்தினால், தமிழில் அது உடனே 'பந்தய நாள்' ஆகிவிடுகிறது. செய்தியிலும் அப்படித்தான், காணொளித் தலைப்பிலும் அப்படித்தான். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தச் சொல்லை நம்பித் தடத்துக்குள் இறங்குபவர் தன் வண்டிக்கும் அடுத்தவர் வண்டிக்கும் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டிராக் டே என்பது என்ன? வாரம் முழுக்க ஊருக்குள் ஓட்டும் அதே காரைக் கட்டணம் கட்டிப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய், அதன் எல்லை எதுவரை என்று ஓட்டிப் பார்க்கும் நாள். ஓட்டுநர்களை அனுபவத்தை வைத்துக் குழு பிரிப்பார்கள். ஒரு குழு பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வெளியே வந்ததும் அடுத்த குழு உள்ளே போகும். முதலிடம் கிடையாது, பரிசு கிடையாது. முந்துவது நேர்ப்பகுதியில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கையாலோ இண்டிகேட்டராலோ வழி காட்டினால்தான். வளைவில் மூக்கை நுழைத்தால் கொடி காட்டி வெளியே அழைத்துவிடுவார்கள்.

சொற்பிறப்பில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குதிரை போன வழியில் பதிந்த சுவட்டைக் குறித்த 'திராக்' என்ற பழைய பிரெஞ்சுச் சொல் 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் 'தடம்' அதே பொருளில் ஏற்கெனவே இருக்கிறது: காலடித் தடம், வண்டித் தடம், ரயில் தடம் புரண்டது. ஆகவே முதல் பாதியில் சிக்கலே இல்லை.

சிக்கல் 'பந்தயம்' என்பதில்தான். பந்தயம் கட்டுவது என்றால் ஏதோ ஒன்றைப் பணயமாக வைப்பது. வென்றவர், தோற்றவர் என்ற இருவர் இல்லாமல் பந்தயம் இல்லை. டிராக் டேயில் இந்த இரண்டுமே கிடையாது. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்றைப் பாருங்கள். 1927இல் திறந்த 20.832 கிலோமீட்டர் தடம். பொதுமக்கள் சுங்கம் கட்டித் தங்கள் காரை அங்கே ஓட்டலாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'டூரிஸ்டன்ஃபார்ட்டன்', அதாவது சுற்றுலா ஓட்டம். நாட்டின் சாலை விதிகள் அங்கும் செல்லும், இடப்பக்கமாக மட்டுமே முந்தலாம், நேரம் அளப்பதற்குத் தடை. உலகின் மிகக் கடினமான தடத்தை வைத்திருப்பவர்களே பெயரில் பந்தயத்தைச் சேர்க்கவில்லை. நாம் மட்டும் ஏன் சேர்க்க வேண்டும்?

காப்பீடும் இங்கே வருகிறது. இந்திய மோட்டார் பாலிசிகள் பந்தயத்தோடு வேகச் சோதனையையும் விலக்கி வைக்கின்றன. ஆகவே சரியான பெயர் வைத்துவிட்டால் இழப்பீடு கிடைத்துவிடும் என்று யாரும் நம்பிப் போக வேண்டாம். ஆனால் பந்தயம் அல்லாத ஒன்றை நாமே வலியப்போய்ப் பந்தயம் என்று எழுதிவைப்பதில் என்ன லாபம்?

'ஓடுதள நாள்' என்பவர்கள் தூய தமிழ் பேசுவதாக நினைக்கிறார்கள். ஓடுதளம் விமானத்துக்குரியது. சோழவரத்தில் ஒருகாலத்தில் பழைய விமான ஓடுபாதையில்தானே பந்தயம் நடந்தது என்று அவர்கள் கேட்கலாம். நடந்தது உண்மை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடமும் விமானத்தளமாக இருந்ததுதான். ஆனால் 1990இல் வந்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.717 கிலோமீட்டர் வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. அங்கே கற்க வேண்டியதெல்லாம் வளைவில்தான் இருக்கிறது. 'தடகள நாள்' என்றால் பள்ளி ஓட்டப்போட்டி ஆகிவிடும். 'சுற்றுப்பாதை' செயற்கைக்கோளுக்குப் போய்விட்டது. மிஞ்சுவது சுற்றுத்தடம். 'சுற்றுத்தட நாள்' என்பதே என் தேர்வு. நாவில் வராவிட்டால் 'டிராக் டே' என்றே எழுதுங்கள், தவறில்லை. தவறாகப் பெயர்ப்பதைவிடப் பெயர்க்காமல் விடுவது மேல்.

மொழிபெயர்ப்பவர்கள் காரைத் தொட்டுப் பார்க்காமல் அகராதியை மட்டும் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் சில சொற்கள் இருக்கின்றன. வளைவின் 'ஏபெக்ஸ்' என்பதை 'உச்சி' என்கிறார்கள். அது வளைவின் உட்பக்க ஓரத்தைக் கார் உரசிக்கொண்டு போகும் புள்ளி. 'உள்முனை' என்றால் புதியவருக்கும் எங்கே பார்க்க வேண்டும் என்று புரியும்.

'பிரேக் ஃபேட்' என்பதற்கு 'பிரேக் மங்கல்' என்று எழுதுகிறார்கள். மங்குவதற்கு அது விளக்கா? மெக்கானிக் 'பிரேக் பிடிக்கல' என்பார், அதுவே போதும். ஆனால் அது எப்படிப் பிடிக்காமல் போகிறது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பெடல் கல்லைப் போல இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், டிஸ்க்கை (சக்கரத்தோடு சுழலும் தட்டை) அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் சூடேறி உராய்வை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சுபோல் தரைவரை போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி கட்டியிருக்கிறது. டாட் 4 தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயிலை மாற்றி ஒன்றிரண்டு வருடமான காரைத் தடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது இதனால்தான். முதலில் சொன்னதற்குப் பேட் மாற்ற வேண்டும், அடுத்ததற்கு ஆயில் மாற்ற வேண்டும். 'மங்கல்' என்ற சொல் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது.

இதைவிட மோசம், 'கூல் டவுன் லேப்' என்பதை 'ஆறு சுற்று' என்று வினைத்தொகையாக எழுதுவது. இலக்கணம் சரி. ஆனால் படிக்கிறவர் எண்ணிக்கை என்று நினைத்து மேலும் ஆறு சுற்று ஓட்டுவார். 'சூடாற்றும் சுற்று' என்று எழுதுங்கள். கடைசிச் சுற்றில் உயர்ந்த கியரில், பிரேக்கை முடிந்தவரை தொடாமல், டிஸ்க்கின் மேல் காற்று பட மெதுவாக வர வேண்டும். வந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. போட்டால் கொதிக்கும் டிஸ்க்கில் பேட் அழுந்தி அங்கேயே பூச்சுப் படிந்து, அடுத்தமுறை பிரேக் அடிக்கும்போது வண்டி உதறும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுத்தால் போதும்.