ஓன் போர்டு காரை வாடகைக்குப் பேசும் முன்

விபத்து வழக்குக் கட்டு கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது முதல் தகவல் அறிக்கையைத்தான். "பெங்களூரு விமான நிலையம் செல்ல இன்னாருடைய காரை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம்" என்று வாக்குமூலத்தில் ஒரு வரி. அடுத்த தாளில் ஆர்.சி. நகல், அதில் வண்டி சொந்த உபயோகத்துக்கு, அதாவது ஓன் போர்டு, என்று பதிவு. இந்த இரண்டும் ஒரே கட்டில் இருந்துவிட்டால், கார் உரிமையாளரின் கதி பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

நம் பக்கம் இப்படிப்பட்ட வழக்குகள் வருவதற்குக் காரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது. விமானம் பிடிக்கப் பெங்களூரு விமான நிலையம் உள்ள தேவனஹள்ளி வரை போகவேண்டும். முகூர்த்த நாட்களில் டி போர்டு வண்டி, அதாவது வாடகைக்கென்றே பதிவான வண்டி, கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வாடகை கூடுதல். பக்கத்துத் தெருவில் ஒருவர் கடன் போட்டுக் கார் வாங்கி, தவணைக்கு ஆகட்டும் என்று ட்ரிப் ஓட்டுகிறார். தெரிந்த முகம், குறைந்த வாடகை. ஏறிவிடுகிறோம். வழியில் ஓர் இறக்கத்தில் முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போடும்வரை எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 66-ஆம் பிரிவு, பயணிகளை வாடகைக்கு ஏற்றும் வண்டிக்கு பெர்மிட் வேண்டும் என்கிறது. பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 192-ஏ பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் உண்டு; 207-ஆம் பிரிவின்படி வண்டியைப் பிடித்தும் வைக்கலாம். அபராதம் கட்டி மீண்டுவிடலாம். இன்சூரன்ஸ் விஷயத்தில் அப்படி எளிதாக மீள முடியாது. சொந்த உபயோகக் காருக்கான பாலிசியில் வாடகைக்கு விடக்கூடாது என்ற நிபந்தனை அச்சிடப்பட்டிருக்கும். அந்த நிபந்தனை மீறப்பட்டது என்று வாதாட இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது.

வாதாடவும் செய்வார்கள். "சார், வாடகை என்று சொல்லவேண்டாம், தெரிந்தவர் வண்டி, சும்மா கூட வந்தார் என்று சொல்லிவிடலாமா?" என்று கட்சிக்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு. முடியாது என்றுதான் சொல்வேன். பொய்ச்சாட்சிக்கு நான் துணைபோக மாட்டேன் என்பது ஒன்று. அது நிற்கவும் நிற்காது என்பது இன்னொன்று. கம்பெனியின் விசாரணையாளர் ஊருக்கே வந்து அக்கம்பக்கத்தில் கேட்பார். போன் வழியாக முன்பணம் அனுப்பியிருந்தால், "ஏர்போர்ட் ட்ரிப் அட்வான்ஸ்" என்ற குறிப்போடு அது வங்கிக் கணக்கில் அப்படியே கிடக்கும். கூண்டில் நிற்பவரிடம் அந்தத் தாளை நீட்டி, "இது எதற்கு அனுப்பிய பணம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். அதற்குப் பிறகு அந்தச் சாட்சி சொன்ன உண்மைகளைக்கூட நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

நிபந்தனை மீறல் நிரூபணமானால், இழப்பீட்டைக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் உத்தரவிடுகின்றன. பெர்மிட் இல்லாத லாரி தொடர்பான அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்ததும் இதே வழியைத்தான். கம்பெனியைப் பொறுப்பிலிருந்து முழுவதும் விடுவித்த தீர்ப்புகளும் உண்டு. அப்போது காயம்பட்டவர் உரிமையாளரின் வீட்டு வாசலில்தான் போய் நிற்கவேண்டும். வசூலிக்கும் உத்தரவு கிடைத்துவிட்டால் கம்பெனி தனி வழக்குப் போடத் தேவையில்லை, உத்தரவைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவை நேரே போடலாம். தவணைக்கு உதவும் என்று ட்ரிப் ஓட்டியவரின் மாந்தோப்பு ஜப்திக்கு வருவது இப்படித்தான். நொறுங்கிய சொந்தக் காரின் பழுதுச் செலவையும் கம்பெனி கொடுக்க மறுக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லவேண்டும். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. அதைக் கேள்விப்பட்டு, "இனி எந்தக் காரையும் வாடகைக்கு ஓட்டலாமாம்" என்று ஸ்டாண்டுகளில் பேசிக்கொள்கிறார்கள். அந்தத் தீர்ப்பு ஓட்டுநரின் லைசென்ஸைப் பற்றியது. வண்டியின் பெர்மிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஓசூர் இளைஞர்கள் சிலர், செயலி வழியாக டாக்ஸி தொழில் தொடங்க மாநகராட்சி உரிமம் போதுமா என்று கேட்கிறார்கள். நியூயார்க்கில் நகர அமைப்பேதான் டாக்ஸிகளுக்கு உரிமம் தருகிறது. லண்டனிலும் மாநகரப் போக்குவரத்து அமைப்பிடம்தான் வாங்கவேண்டும். நம் ஊரில் மாநகராட்சியின் தொழில் உரிமம் உங்கள் அலுவலகத்தோடு நின்றுவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, பயணியையும் ஓட்டுநரையும் செயலியில் இணைக்கும் நிறுவனம் 93-ஆம் பிரிவின் கீழ் மாநில அரசின் உரிமம் பெறவேண்டும். இல்லையென்றால் அபராதம் 25,000 ரூபாயில் தொடங்கி ஒரு லட்சம் வரை போகும். மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சொந்த வண்டி வைத்திருக்கும் ஓட்டுநருக்குக் கட்டணத்தில் 80 சதவீதமாவது சேரவேண்டும் என்கின்றன; 5 லட்சத்துக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் 10 லட்சத்துக்குக் குறையாத ஆயுள் காப்பீடும் தரவேண்டும் என்கின்றன. மாநிலங்கள் ஏற்று நடத்தவேண்டியவை இவை. ஆனாலும் ஒரு செயலியில் சேரும் முன் நிறுவனத்திடம் இவற்றைக் கேட்பதற்கு ஓட்டுநர்கள் தயங்கக்கூடாது. கூலிக்கு உழைப்பவர் தன் உயிருக்கு என்ன காப்பு என்று கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பயணிகளுக்கு வேலை சுலபம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. மின்சார வாடகைக் கார் என்றால் பச்சையில் மஞ்சள் எழுத்து. பலகையை மட்டும் நம்பவேண்டாம். மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் வாகன வகை வரும். "மோட்டார் கார்" என்றிருந்தால் சொந்த உபயோகம், "மோட்டார் கேப்" என்றிருந்தால் வாடகை. இன்சூரன்ஸும் எஃப்.சி. எனும் வாகனத் தகுதிச் சான்றும் நடப்பில் உள்ளனவா என்பதும் அங்கேயே தெரியும். கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டுகிற பயணம் என்றால், கர்நாடகத்தில் செல்லுபடியாகும் பெர்மிட் உண்டா, அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். முறையாக ஓட்டுபவர் கோபித்துக்கொள்ள மாட்டார், எடுத்துக் காட்டுவார்.

ட்ரிப் ஓட்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் இருக்கும் கார் உரிமையாளர்கள், வண்டியை வாடகை வாகனமாக மாற்றிவிடுவதே நல்லது. முதலில் கடன் கொடுத்த வங்கியின் ஆட்சேபனையின்மைச் சான்று வாங்குங்கள். பிறகு உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றத்துக்கு விண்ணப்பித்து, வரி வித்தியாசம் கட்டி, எஃப்.சி.யும் பெர்மிட்டும் எடுக்கவேண்டும். வண்டி 8 வயது ஆகும்வரை எஃப்.சி. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும். பலர் விட்டுவிடுவது கடைசி வேலையை: பலகை மஞ்சளானாலும் பழைய பாலிசி தானாக மாறாது. புதிய ஆர்.சி. கைக்கு வந்த அன்றே இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போய் வாடகை வாகனப் பாலிசியாக மாற்றி, அதன் பிரதியை வாங்கிய பிறகே முதல் ட்ரிப்புக்கு ஒத்துக்கொள்ளுங்கள்.